அப்பா லோரியில் ஏறிய விதம்

சேசு மரி சூசை

குருண்
செப்டம்பர் 1943

(ஜப்பான் கணக்குப்படி 2603 என்று போட வேண்டும் என்பது இப்போதைய சட்டம். பெற்ற பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் பழைய வருஷமே இருக்கட்டும்.)

அன்பு மகன் மோரிஸுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் தங்கை ஜெனவீவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், இந்தக் காலத்தில் அதற்கு மேல் சுகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, நீயும் அங்கே ஆஸ்பத்திரி வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று தேவமாதாவை நம்பிக்கொண்டிருக்கிறேன். ஜெனவீவுக்கு மலேரியா வந்து தெளிந்திருக்கிறது. மருந்து கிடைக்கவில்லை, வேப்பிலைக் கஷாயம்தான். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது, காய்ச்சலுக்கு அழாதவள் அதற்கு அழுகிறாள். நீ விட்டுப்போன காக்கிக் கால்சட்டையைப் பிரித்து அவளுக்குப் பாவாடை தைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, துணி எங்கேயும் இல்லை. உன் கடிதம் வந்து சேர்ந்தது. நம் தோட்டத்துச் சின்னையா அங்கே வந்து உன்னிடம் சொன்னானாம், தோட்டத்து ஆட்களைப் பிடித்து ஜப்பான்காரனிடம் ஒப்படைத்தது மரியராஜ் வாத்தியார்தான் என்று. அது உண்மையானால் இனிமேல் அவரை அப்பா என்று எழுத மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஜெனவீவ் கண்ணில் படுவதற்குள் அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை ஐயா, அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அப்படி ஒரு பேச்சைக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் வயிறு எரியத்தான் செய்யும். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, ஆள்வசம் வருகிறது, ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதற்காக எழுதவில்லை. அவர் செய்தது எது, செய்யாதது எது என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு உன் மனசு எப்படியோ அப்படி.

நீ இங்கே இருந்தபோது பள்ளிக்கூடம் எந்த நிலையில் இருந்தது என்று உனக்கே தெரியும். கித்தா ரப்பர் ஷீட்டு அடுக்கிவைத்த பழைய கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே கூரையின் கீழ். காலையில் பிள்ளைகள் தாய் தகப்பனோடு கொட்டாங்கச்சி துடைக்கப் போய்விடும், வெயில் ஏறிய பிறகுதான் ரப்பர்ப் பால் வாசனையோடு வந்து உட்காரும், உட்கார்ந்தபடியே தூங்கும். பெண்பிள்ளைகளை அனுப்பச் சொல்லி அப்பா ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாகக் கேட்டுப் பார்த்தார், ஒருவரும் அனுப்பவில்லை. பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி வேண்டும், பாட்டு வேண்டும், படம் வரைய வேண்டும், சின்னதாக ஒரு தோட்டம் வேண்டும் என்று துரையிடம் எத்தனை தடவை போய் நின்றார். பால் வெட்டப்போகிற பிள்ளைக்குப் படம் எதற்கு என்று துரை சிரித்ததை நீயும் கேட்டிருக்கிறாய். சண்டை வந்தது, துரை காரில் ஏறித் தெற்கே ஓடினான், பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. அப்புறம் ஜப்பான்காரர்களின் கல்வி ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்தை உடனே திறக்க வேண்டும், ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும், காலையில் தேகப்பயிற்சி, பிறகு நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷை, பாட்டு, படம், பிற்பகல் மண்வெட்டி எடுத்துப் பயிர் வேலை. உன் அப்பா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னிடம் சொன்னார், "கேதரின், நான் இருபது வருஷமா கேட்டது எல்லாம் இதுல இருக்கு. கேட்டவன் குடுக்கல. கேக்காதவன் குடுக்கிறான்." அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது என்பதை நான் உனக்கு மறைக்கப்போவதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. பினாங்கிலே ஆள் தலையை வெட்டிப் பாலத்தில் வைத்தவர்கள் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்க வருகிறார்களா என்று கேட்டேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாத்தியார்களுக்கெல்லாம் சுங்கைப்பட்டாணியில் வகுப்பு வைத்தார்கள். அரைக்கிழவர்கள் எல்லாம் பெஞ்சியில் நெருக்கி உட்கார்ந்து பாடம் ஒப்பிக்க வேண்டும், தப்பாகச் சொன்னால் கன்னத்தில் அறை. அப்பா அங்கேயிருந்து மெலிந்து வந்தார், ஆனால் அந்தக் கோணல் எழுத்துகளை ஒன்று விடாமல் கற்றுக்கொண்டு வந்தார். வந்த பிறகும் அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி விரலால் எழுதி எழுதி அழிப்பார், ஜெனவீவ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அவருக்கு முன்னால் படித்துவிட்டாள். பள்ளிக்கூடம் கலகலவென்று ஆகிவிட்டது மோரிஸ், அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது கடிகாரத்தை எல்லாம் ஜப்பான் நேரத்துக்குத் திருப்பிவைத்துவிட்டார்கள், அதனால் பிள்ளைகள் இருட்டோடு வந்து வரிசையில் நிற்கும், ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கிற கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும், நான் குனியும்போது மாதாவை நினைத்துக்கொள்வேன், பாவமா இல்லையா என்று சாமியாரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. பிறகு கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி, அதற்கு ஒரு கிராமபோன் தட்டு. ஹயாஷி என்று ஒரு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வருவான், சின்ன வயது, அவன் ஊரிலும் அவன் பள்ளிக்கூட வாத்தியார்தானாம். சுண்ணாம்புக்கட்டி எடுத்து ஒரே இழுப்பில் மீன் வரைவான், பிள்ளைகள் கைதட்டும். நம் பள்ளிக்கூடத்தை மாதிரிப் பள்ளிக்கூடம் என்று மற்ற தோட்டத்து வாத்தியார்களைக் கூட்டிவந்து காட்டினான். உத்தரவுப்படி தமிழ்ப் பாடத்துக்கு நேரமே இல்லை, ஆனால் உன் அப்பா நிப்பொங்கோ வார்த்தைக்கு அர்த்தம் எழுதுகிற சாக்கில் பலகை நிறையத் தமிழ் எழுதிப் போடுவார், பிள்ளைகள் அதைப் படித்தே தமிழ் எழுதக் கற்றுக்கொண்டார்கள். பெண்பிள்ளைகளும் அதில் உண்டு.

பயிர் வேலைதான் எங்களைக் காப்பாற்றியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த லாலான் புல்லை எல்லாம் வெட்டி மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கீரை போட்டோம். அறுவடையில் பாதி ஆபீசுக்குப் போய்விடும், மீதியை நான் பெரிய பானையில் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிப் பிள்ளைகளுக்கு ஊற்ற ஆரம்பித்தேன். அதை யாரும் உத்தரவு போடவில்லை. காலையில் பயிற்சிக்கு நின்ற பிள்ளைகளில் இரண்டு முதல் நாளே மயங்கி விழுந்தன, அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது. கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் வராத பிள்ளையும் வந்தது. ஹயாஷி அதையும் பார்த்துவிட்டு மற்ற பள்ளிக்கூடங்களுக்கும் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டு போனான். அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. முதலில் நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று கங்காணிகள் சொல்லிக் கூப்பிட்டார்கள், கொஞ்சம் பேர் போனார்கள், போனவன் ஒருத்தனும் திரும்பவில்லை. பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவைத்து அப்படியே லோரியில் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டோம். நம் லயத்து ஆண்கள் எல்லாம் வீட்டில் தங்காமல் மேட்டுக்காட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார்கள். பெண்கள்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள். அதற்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய விழா நடத்த வேண்டும், பிள்ளைகள் கற்றதை எல்லாம் பெற்றோர் வந்து பார்க்க வேண்டும், தாய் தகப்பன் இரண்டு பேரும் வர வேண்டும், வருகிற குடும்பத்துக்கெல்லாம் உப்பும் துணியும் கொடுப்பார்கள் என்று ஹயாஷி வந்து சொன்னான். பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வருவது என்பது உன் அப்பாவின் எத்தனை வருஷத்து ஆசை. அவரே லயம் லயமாகப் போனார். நானும் கூடப் போனேன், அதனால் அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். மருதம்மாள் என்று ஒருத்தி, நீ சின்னப் பையனாக இருக்கும்போது கல்யாணமாகி வந்தாளே பழனியாண்டி பெண்சாதி, அவள் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள், "வாத்தியாரய்யா, பொம்பளைங்க நாங்க வர்றோம். எங்க ஆம்பளைங்களையும் காட்டுலேருந்து வரச் சொல்றீங்களே, பயமா இருக்குலா." அதற்கு உன் அப்பா சொன்னார், "பள்ளிக்கூடத்துக்குள்ள யாரும் கை வைக்க மாட்டாங்கம்மா. பிள்ளைங்க நிக்கிற இடம். நான் பொறுப்பு." அந்த வார்த்தையை அவர் சொன்னார் மோரிஸ். சின்னையா உன்னிடம் சொன்னதில் அவ்வளவு நிஜம். அவர் சொன்னதால்தான் காட்டில் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். ஆனால் தெரிந்துகொண்டு சொல்லவில்லை. தெரிந்திருந்தால் என்னிடம் மறைக்கத் தெரியாது அவருக்கு, ஒரு சின்னப் பொய் சொன்னாலே காது சிவந்துவிடும், அது உனக்கும் தெரியும்.

விழா அன்று பந்தல் போட்டு மாவிலை கட்டியிருந்தோம். ஆண்கள் குளித்து, இருக்கிற நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்தார்கள். கோணிச் சாக்கை வெட்டிக் கட்டியிருந்தவர்களும் தலையை வாரிக்கொண்டுதான் வந்தார்கள். மருதம்மாளின் மகள் அழகம்மா ஜப்பான் மொழியில் வரவேற்பு சொன்னாள், பழனியாண்டி பெஞ்சியிலிருந்து பாதி எழுந்து நின்று பார்த்தான். ஒரு பாட்டு முடிந்து தேகப்பயிற்சி ஆரம்பித்தது, கிராமபோன் ஓடுகிறது, பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கி நிற்கின்றன, அப்போது சடக்கு ரோட்டிலிருந்து லோரிகள் உள்ளே திரும்பின. சோல்ஜர்கள் குதித்து இறங்கிப் பந்தலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று துப்பாக்கிக் கட்டையால் தள்ளினார்கள். சத்தம், அழுகை, ஓட முயன்றவனை மண்டையில் போட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் அந்தத் தட்டு ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்து என்று யாரும் சொல்லாததால் பிள்ளைகள் பயிற்சியை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள், அப்பன்களைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி மடக்கி நீட்டி மடக்கி. அதை நான் சாகிற மட்டும் மறக்க மாட்டேன். ஹயாஷிக்கு முன்பே தெரியுமா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான் நான் பார்த்தது.

உன் அப்பா சோல்ஜர்களின் அதிகாரியிடம் ஓடினார். அவர் படித்த நிப்பொங்கோவில் என்னவோ சொன்னார், ஓங்கி ஓர் அறை விழுந்தது. எழுந்து மறுபடியும் சொன்னார், மறுபடியும் அடி. மூன்றாம் தடவை அந்த அதிகாரிக்கே சலித்துவிட்டதோ என்னவோ, மூன்று மாத வேலை, முடிந்ததும் அனுப்புவோம், நீ வாத்தியார், உனக்கு இதில் வேலையில்லை, போய்ப் பள்ளிக்கூடத்தை நடத்து என்றான். இதை அப்பாவே பக்கத்தில் நின்ற எனக்குத் தமிழில் சொன்னார். பிறகு லோரிகளைப் பார்த்தார். பழனியாண்டி ஒரு லோரியிலிருந்து, "வாத்தியாரே, எங்களை எங்க கொண்டு போறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று கத்தினான். திட்டவில்லை பாரு, கேட்கத்தான் செய்தான். அப்பா சட்டையில் குத்தியிருந்த பள்ளிக்கூடச் சின்னத்தைக் கழற்றி ஹயாஷியின் கையில் வைத்தார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அப்பா என்னிடம் வந்து, "இவங்க பேச்சு தெரிஞ்சவன் அதுல ஒருத்தனும் இல்ல. தண்ணின்னு கேக்கக்கூட தெரியாது. நான் கூப்பிட்டு வந்தவங்க கேதரின்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போகாதீர்கள் என்று சொன்னேன், பெண்பிள்ளை இருக்கிறாள் என்று சொன்னேன், எல்லாம் சொன்னேன். "பிள்ளைகளை வெயில்ல நிக்க வைக்காத, உள்ள கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் போய், உள்ளே இருந்தவர்கள் கை கொடுத்துத் தூக்க, லோரியில் ஏறினார். யாரும் அவரைத் தள்ளி ஏற்றவில்லை. குருண் ஸ்டேஷனில் மாடு ஏற்றுகிற ரயில் பெட்டியில் அடைத்து வடக்கே கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் பின்னாலேயே ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. உப்பு மூட்டையும் துணியும் பந்தலிலேயே கிடந்தன. தொட ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நானும் உன் தங்கையும் பட்டதை எழுதினால் நீ தாங்க மாட்டாய், சுருக்கமாகச் சொல்கிறேன். லயத்துக் குழாயடியில் நான் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். உப்புக்கு ஆளை விற்றவர்கள் என்று பள்ளிக்கூடச் சுவரில் கரியால் எழுதியிருந்தது, அப்பா சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் எழுதியிருந்தது. மருதம்மாள் என் முகத்தில் காறித் துப்பினாள். நான் துடைத்துக்கொண்டு வந்தேன், அவளிடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. ஆபீசிலிருந்து, வேறு வாத்தியார் கிடைக்கும்வரை நீயும் உன் மகளும் நடத்துங்கள், பாடத்திட்டம் நிற்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். பாடத்திட்டம் எக்கேடும் கெடட்டும். தரைக்குள் கிழங்கு இருக்கிறது, லயத்தில் ஆண்கள் இல்லாத வீடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன, அதற்காகத்தான் கதவைத் திறந்தேன். கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்போம். ஒருவரும் வராமல் அதை ஆடு மாட்டுக்கு ஊற்றின நாளும் உண்டு. முதலில் வந்தது அழகம்மா. தாய்க்குத் தெரியாமல் வந்து குடித்துவிட்டு ஓடினாள். அடுத்த நாள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். மருதம்மாள் பின்னாலேயே வந்து பார்த்தாள், பிள்ளைகள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் அனுப்பினார்கள். ஜெனவீவ் பாடம் சொல்லிக்கொடுத்தாள், நான் பானையைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் பெரியவர்கள் எங்களோடு பேசவில்லை.

ஆகஸ்டு ஆரம்பத்தில் பழனியாண்டி திரும்பி வந்துவிட்டான். ஓடி வந்தவன். ரயில் ரோட்டை ஒட்டிக் காட்டு வழியாகவே நடந்து, சயாம் கிராமத்துக் கம்பங்களில் பிச்சை வாங்கித் தின்று, ஜித்ரா பக்கம் வந்து சேர்ந்து, அங்கிருந்து யாரோ மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். எலும்பும் தோலும், காலில் முழங்காலுக்குக் கீழே புண். அவனை மேட்டுக்காட்டில் மறைத்து வைத்துவிட்டு மருதம்மாள் நேராக என்னிடம்தான் வந்தாள். துப்பின வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டு வந்தாள். "அம்மா, வாத்தியாரு உசுரோட இருக்காராம், வந்து நீங்களே கேளுங்க" என்றாள். போனேன். அவன் சொன்னது இதுதான். அங்கே கொட்டகையில் கூரை பாதிதான், மழை ஓயவில்லை, பேதி, காலரா, காய்ச்சல், நடக்க முடியாதவனையும் அடித்து வேலைக்கு இழுத்துப்போகிறார்கள். உன் அப்பாதான் காலையில் நோயாளிகளை முன்னால் கூட்டிவைத்துக்கொண்டு அதிகாரியிடம் இவன் நோயாளி, இவனை விடுங்கள் என்று ஒவ்வொருவனாகக் கேட்கிறாராம். அடி விழாத நாளே இல்லையாம். ஆனாலும் சில பேரை விட்டுவிடுவார்களாம். நம்மாட்களுக்கு அந்த மொழியில் அவசரத்துக்கு வேண்டிய வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், தண்ணீருக்கு மிசு, நோய்க்கு பியோகி. நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில், ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்ல. பழனியாண்டி ஓடுவதற்கு முன்னால் அவரையும் கூப்பிட்டிருக்கிறான். "கூட வந்துடுங்க வாத்தியாரேன்னு கெஞ்சுனேன்மா. நா வந்துட்டா காலையில இவங்களுக்காக யாருய்யா கேக்கறதுன்னாரு. அப்பவே அவருக்குக் காய்ச்சல்தான்" என்றான். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஜெனவீவிடம் காய்ச்சலைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறவன், அந்த ஊரில் காய்ச்சல் என்றால் என்ன என்று என்னைவிட உனக்குத் தெரியும்.

அந்த வாரமே ஹயாஷி மறுபடி வந்தான். இன்னொரு விழா நடத்த வேண்டுமாம், பெற்றோர்கள் வர வேண்டுமாம். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கரும்பலகையைப் பார்த்துச் சொன்னான். நான் சரி என்று தலையாட்டினேன். அன்று சாயங்காலமே லயத்துக்குப் போனேன், உன் அப்பா போன அதே வாசல்களுக்குத்தான் போனேன், யாரும் வராதீர்கள், மிச்சம் இருக்கிற ஆண்கள் ஒருவரும் காட்டை விட்டு இறங்கக் கூடாது, வாலிபப் பையன்களையும் அங்கேயே அனுப்புங்கள், பெண்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருங்கள் என்று சொன்னேன். "அப்ப உங்களை என்ன பண்ணுவானுங்க" என்று மருதம்மாள் கேட்டாள். என்னை விடு என்றேன். சின்னப் பிள்ளைகளை மட்டும் அனுப்பச் சொன்னேன், பிள்ளைகளும் வராவிட்டால் நேராக லயத்துக்குள் நுழைந்துவிடுவார்கள் என்று தோன்றியது. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று நினைத்துப் பார், ஒரு முறை எங்கள் பேச்சை நம்பிக் கெட்டவர்களிடம் மறுபடியும் பிள்ளைகளை அனுப்பு என்று கேட்கிறேன். அனுப்பினார்கள் மோரிஸ். அழகம்மாதான் முன் வரிசை.

பெஞ்சிகளை எல்லாம் துடைத்து வரிசையாகப் போட்டு வைத்திருந்தோம். லோரிகள் இந்தத் தடவை ஒளிந்து நிற்கவில்லை, முதலிலேயே வந்து நின்றன. பெஞ்சியில் ஒருவர்கூட இல்லை. அன்று வந்த அதே அதிகாரி, பெற்றோர் எங்கே என்று என்னிடம் கத்தினான். ஜெனவீவ் எனக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தாள், பானை கிளறிக்கொண்டே மனப்பாடம் பண்ணியிருந்தேன். மின்னா பியோகி தெஸ், எல்லோருக்கும் நோய் என்று அர்த்தம். சொன்னேன். அவன் அடித்த அடியில் இடது காதில் ஏதோ உடைந்தது, இன்றைக்கும் அந்தப் பக்கம் வண்டு இரைகிற மாதிரி இருக்கிறது, சரியாகக் கேட்பதில்லை. மறுபடி கேட்டான், மறுபடியும் அதையே சொன்னேன், எனக்கு வேறு வார்த்தை தெரியாதே. சோல்ஜர்களை லயத்துக்கு அனுப்பினான், கிழவர்களையும் பெண்களையும் தவிர யாரையும் அவர்கள் காணவில்லை, காட்டுக்குள் நுழைய அவர்களுக்கும் பயம், கம்யூனிஸ்டுக்காரர்கள் இருப்பார்கள் என்று. திரும்பி வந்தார்கள். அப்போது ஹயாஷி கிராமபோனைச் சுற்றிவிட்டு, விழாவை ஆரம்பியுங்கள் என்றான். எதற்காக அப்படிச் செய்தான் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் காலி பெஞ்சிகளைப் பார்த்து எல்லாப் பாட்டையும் பாடினார்கள், எல்லாப் பயிற்சியும் செய்தார்கள், அந்த அதிகாரி உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று, சக்கரவர்த்தியின் பாட்டு ஓடும்போது அவனால் நடுவில் எழுந்து போக முடியவில்லை. முடிந்ததும் காலி லோரிகளோடு போய்விட்டார்கள். ஒருவனையும் ஏற்றவில்லை. நான் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன், காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, மருதம்மாள் ஓடிவந்து தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். கிழிக்க அவளிடம் இருந்ததே அந்த ஒரு சேலைதான்.

மறுவாரம் எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கிவிட்டதாகத் தாக்கீது வந்தது, அரிசிக் கூப்பனும் நின்றுவிட்டது. ஹயாஷியை எங்கோ மாற்றிவிட்டார்கள். கெடாவை சயாமுக்குக் கொடுத்துவிடப் போகிறார்களாம், இனிமேல் பள்ளிக்கூடத்தில் சயாம் எழுத்துத்தான் என்று பேசிக்கொள்கிறார்கள், அப்பா சாம்பலில் எழுதிப் படித்ததெல்லாம் இங்கே இனி யாருக்கும் வேண்டாததாகிவிடும் போலிருக்கிறது. கொட்டகை பூட்டிக்கிடக்கிறது. ஆனால் கிழங்குத் தோட்டத்துக்கு யாரும் பூட்டுப் போடவில்லை, லயத்துப் பெண்கள் முறை வைத்துக் களை பிடுங்குகிறார்கள், கஞ்சி இப்போது மருதம்மாள் வீட்டு வாசலில் காய்கிறது, ஜெனவீவ் அங்கேயே பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் பங்குக்கும் கஞ்சி வருகிறது, ஆகையால் எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. நீ லீவு எடுத்துக்கொண்டு இங்கே வரவே கூடாது, வாலிபப் பிள்ளையை வழியிலேயே பிடித்துவிடுவார்கள். சயாமுக்கு உன்னைப் போலக் காயம் கட்டுகிற டிரெஸர்கள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டால், அப்பாவைத் தேடலாம் என்று நினைத்துக் கை தூக்கிவிடாதே. அப்படி ஒரு எண்ணம் உனக்கு வரும், எனக்குத் தெரியும், நீ அவர் பிள்ளை. ஒருத்தரை அனுப்பிவிட்டு இருக்கிறேன், இரண்டாவது ஆளை அனுப்ப என்னால் முடியாது. கொதிக்கவைக்காத தண்ணீர் குடிக்காதே. வெளியில் யாரிடமும் அரசியல் பேசாதே. ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, செபமாலையில் ஒரு மணி அப்பாவுக்கு என்று வைத்துக்கொள், கோபம் இருந்தாலும் வைத்துக்கொள்.

தேவமாதா உனக்குக் காவலாக இருக்கட்டும், நீ தொடுகிற நோயாளிகள் பிழைக்கட்டும், உன் கைக்கு ஒரு கெடுதலும் வராமல் இருக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உன் முன்னால் நிற்கிறவன்தான் பழனியாண்டி. இங்கே இருந்தால் அவனைக் காட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது, கிள்ளானில் அக்காள் வீட்டுக்குப் போகிறான், போகிற வழியில் உன்னிடம் வருகிறான், கருவாட்டு லோரியில் ஒளித்து அனுப்புகிறோம். உன் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தவன் அவன், நான் எழுதாமல் விட்டதையும் அவன் சொல்வான், நீ கேட்கத் துடிப்பாய். ஆனால் மகனே, பார்த்த உடனே கேட்காதே. முதலில் அவனுக்கு எதையாவது சாப்பிடக் கொடு, மெதுவாகத் தின்னச் சொல், வயிறு தாங்காது. பிறகு அந்தக் காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டு, வலிக்கும்போது அவன் சத்தம் போட மாட்டான், அதனால் வலிக்கவில்லை என்று நினைத்து அழுத்திவிடாதே. அதற்கப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேள். கேட்டு முடித்ததும் இதைக் கொளுத்திவிடு.

இப்படிக்கு
உன் அம்மா
கேதரின் மரியராஜ்